வாலுள்ள விலங்குக்கு வாலில்லாப் பெயர்

விலங்குகளின் அறிவியல் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். பொருளைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. தேர்வுத்தாளில் எழுத்துப்பிழை வராமல் எழுதினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் சில பெயர்களைப் பிரித்துப் பொருள் கண்டால் வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் வாழ்ந்து மறைந்த ஒரு சிறு விலங்கின் பெயர் 'கீரோப்பஸ் எக்காடேட்டஸ்'. 'பன்றிக்கால் கொண்ட வாலற்ற விலங்கு' என்பது இதன் பொருள். பன்றியின் காலைப் போன்ற கால் அதற்கு இருந்தது உண்மை. ஆனால் வாலும் இருந்தது! அதுவும் சிறிய வாலன்று. தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அவ்விலங்குக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் வால் இருந்தது.

வாலுள்ள விலங்குக்கு வாலற்றது என்று எப்படிப் பெயர் வந்தது? தவறு என்று தெரிந்த பிறகும் அதை ஏன் மாற்றவில்லை? அந்தத் தவறால் அறிவியலுக்கு இழப்பு ஏதும் நேர்ந்ததா? இக்கேள்விகளோடு, 2019ஆம் ஆண்டில் இவ்விலங்கின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதிய ஓர் ஆய்வையும் இக்கட்டுரையில் மதிப்பிட்டுப் பார்ப்போம். நான் விலங்கியல் படித்தவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஓர் அளவீட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் எழும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலங்கியலின் வாசலில் நுழைகிறேன்.

பெருச்சாளி அன்று

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இவ்விலங்கை ஆங்கிலத்தில் 'பன்றிக்கால் பாண்டிகூட்' என்று அழைக்கிறார்கள். ஆங்கில அகராதியில் பாண்டிகூட் என்ற சொல்லைத் தேடினால் தமிழில் 'பெருச்சாளி' என்று பொருள் தரப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பாண்டிகூட்டைப் பொறுத்தவரை அது சரியே. அச்சொல்லே நம் பக்கத்துச் சொல்தான். தெலுங்கில் பெருச்சாளிக்குப் 'பந்திகொக்கு' என்று பெயர். 'பந்தி' என்பது நம் 'பன்றி'. பன்றியைப் போல உறுமி மண்ணைக் கிளறும் எலி என்று கொள்ளலாம். இச்சொல் ஆங்கிலேயரின் நாவில் பாண்டிகூட் ஆயிற்று. பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள், அங்கே நீண்ட மூக்கோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த வேறொரு விலங்கைக் கண்டு, அதற்கும் இதே பெயரை வைத்துவிட்டார்கள்.

இரண்டுக்கும் உறவு மிகத் தொலைவானது. நம் பெருச்சாளி கொறிக்கும் விலங்கு, எலியின் இனம். அதன் குட்டி தாயின் கருப்பையில் நச்சுக்கொடி வழியாக ஊட்டம் பெற்று வளர்ந்து பிறக்கிறது. ஆஸ்திரேலியப் பாண்டிகூட், கங்காருவைப் போலப் பையுடைய பாலூட்டி. அதன் குட்டி மிகச் சிறிய, முதிராத நிலையில் பிறந்து, தாயின் பைக்குள் பால் குடித்து வளர்கிறது. கங்காருவின் பை மேல்நோக்கித் திறக்கும். பாண்டிகூட்டின் பையோ பின்னோக்கித் திறக்கும். மண்ணைக் கிளறும் விலங்குக்கு இது வசதி. பைக்குள் மண் விழாது. ஆகவே ஆஸ்திரேலிய விலங்கைத் தமிழில் எழுதும்போது 'பெருச்சாளி' என்று மொழிபெயர்ப்பது தவறாகும். பாண்டிகூட் என்றே எழுதிவிடுவது நல்லது.

ஒரு குதிரை, ஒரு பன்றி, இருநூறு கிராம்

பன்றிக்கால் பாண்டிகூட்டின் எடை ஏறத்தாழ 200 கிராம். ஒல்லியான நீண்ட கால்கள், முயலைப் போன்ற காதுகள், கூரிய முகம். முன்காலில் இரண்டு விரல்கள் மட்டுமே தரையில் ஊன்றின. அவற்றின் நகங்கள் பன்றியின் குளம்பைப் போன்றவை. பின்காலிலோ ஒரே ஒரு பெரிய விரல்தான் உடலின் பாரத்தைத் தாங்கியது. முன்னால் பன்றி, பின்னால் குதிரை என்று சொல்லலாம்.

இதனால் இவ்விலங்கு பன்றிக்கோ குதிரைக்கோ உறவாகிவிடாது. திறந்த வெளியில் ஓட வேண்டிய விலங்குகளில் விரல்கள் குறைந்து காலின் நுனி இலேசாவது பல குலங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. காரணம் எளிது. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். அதே கல்லைக் கைக்கு அருகில் கட்டிச் சுழற்றினால் எவ்வளவு எளிதாக இருக்கிறது! காலை முன்னும் பின்னும் வேகமாக வீச வேண்டுமானால் அதன் நுனியில் பாரம் குறைவாக இருக்க வேண்டும். பைவிலங்கானாலும் குதிரையானாலும் இவ்விதி ஒன்றே. ஆகவே தோற்ற ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது என்பது வகைப்பாட்டியலின் முதற்பாடம்.

பாண்டிகூட்டுகள் பொதுவாகவே வகைப்பாட்டாளர்களைத் திணற அடித்தவை. கீழ்த்தாடையின் முன்பற்களைப் பார்த்தால் அவை பல. இறைச்சி தின்னும் பைவிலங்குகளை ஒத்திருக்கின்றன. பின்காலைப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒரே தோலுக்குள் ஒட்டியிருக்கின்றன. இது கங்காருவின் அடையாளம். பல்லை நம்புவதா, விரலை நம்புவதா? இன்று இவற்றுக்கெனத் தனி வரிசையே இருக்கிறது. அவ்வரிசைக்குள்ளும் பன்றிக்கால் பாண்டிகூட்டுக்குத் தனிக் குடும்பம் தரப்பட்டிருக்கிறது.

பெயர் வந்த கதை

1836ஆம் ஆண்டு தாமஸ் மிட்செல் என்ற நில அளவையாளர் ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையோரம் ஓர் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். அவருடன் வந்த பழங்குடி வழிகாட்டிகள் தரையில் ஓடிய ஒரு சிறு விலங்கைத் துரத்தினார்கள். அது மரப்பொந்துக்குள் புகுந்துகொண்டது. அங்கிருந்து அதை உயிரோடு வெளியே எடுத்தார்கள். அந்த ஒரு விலங்குக்கு வால் இல்லை. எப்போதோ, எப்படியோ அதன் வால் போயிருந்தது.

1838இல் வில்லியம் ஓகில்பி என்ற விலங்கியலார் இதற்குப் பெயர் சூட்டினார். பன்றிக்கால் என்ற பேரினப் பெயரோடு 'வாலற்றது' என்பது சிற்றினப் பெயராயிற்று. அந்த ஒற்றை விலங்கே இச்சிற்றினத்தின் மூலமாதிரி. அது இன்றும் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்குள் வாலுள்ள மாதிரிகள் கிடைத்துவிட்டன. 1842இல் ஜான் எட்வர்டு கிரே இன்னொரு மாதிரிக்குக் 'கஸ்டனோடிஸ்' என்று வேறு பெயர் தந்தார். 1845இல் ஜான் கூல்டு, மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைத்ததற்கு 'ஆக்சிடெண்டாலிஸ்' என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் இம்மூன்றும் ஒன்றே என்று முடிவு செய்து, முதலில் வந்த பெயரையே நிலைநிறுத்தினார்கள். வாலற்றது என்ற பெயர் வென்றது.

இப்பெயரால் விளைந்த வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1857ஆம் ஆண்டு ஜெரார்டு கிரெஃப்ட் என்ற இயற்கையியலார் மர்ரே, டார்லிங் ஆறுகள் கூடும் பகுதியில் இவ்விலங்கைத் தேடினார். அப்பகுதிப் பழங்குடி மக்களிடம் மிட்செல் வெளியிட்டிருந்த வாலில்லாத படத்தைக் காட்டி, இதைப் பிடித்துத் தாருங்கள் என்று கேட்டார். அவர்கள் வேறு வகைப் பாண்டிகூட்டுகளைப் பிடித்து, வாலைத் திருகி எறிந்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள்! கேட்டது வாலில்லாத விலங்கு, அதையே தந்தார்கள். அவர்கள்மீது என்ன குற்றம்? உண்மையான விலங்கு அவருக்குக் கிடைக்கத் தாமதமானதற்கு அந்தப் படமே காரணமாயிற்று. கடைசியில் இரண்டு கிடைத்தன. அவற்றை உயிரோடு வைத்திருந்து நடையையும் உணவையும் கவனித்தார். அந்தப் பயணத்தில் பசி வந்தபோது அறிவியல் ஆர்வம் தோற்றுப்போனது என்பதையும் அவரே வருத்தத்தோடு எழுதிவைத்தார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது அந்த ஆற்றங்கரைக்கும் பொருந்தும்.

பெயரை மாற்றாதது தவறா?

தவறான பெயர் என்று தெரிந்ததும் மாற்றியிருக்க வேண்டாமா என்று மாணவர்கள் கேட்கலாம். விலங்குப் பெயரீட்டு விதிகள் இதை அனுமதிப்பதில்லை. முறைப்படி முதலில் சூட்டப்பட்ட பெயரே செல்லும். பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அதைத் தள்ள முடியாது. நியூகினிப் பகுதியின் சொர்க்கப் பறவை ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இல் 'அபோடா', அதாவது காலற்றது, என்று பெயர் வைத்தார். வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த அதன் தோல்களில் கால்கள் வெட்டி நீக்கப்பட்டிருந்தன. அப்பறவைக்கு நல்ல வலுவான கால்கள் உண்டு. இன்றும் அதன் பெயர் காலற்றதே.

இவ்விதியில் நான் குறை காணவில்லை. எங்கள் துறையிலும் இப்படி ஒன்று உண்டு. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாக நாங்கள் கரும்பலகையில் அம்புக்குறி போடுகிறோம். உலோகக் கம்பியில் உண்மையாக நகரும் எலெக்ட்ரான்களோ எதிர்த்திசையில் செல்கின்றன. நேர், எதிர் என்ற குறிகள் 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காலத்தில் ஏற்பட்டவை. எலெக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897இல். அதற்குள் புத்தகங்களும் கருவிகளும் பழைய குறியில் அமைந்துவிட்டன. குறியை மாற்றினால் குழப்பம் மிகும். மாற்றாவிட்டால் கணக்கில் பிழை வராது. எனவே விட்டுவிட்டோம். பெயர் என்பது அடையாளச் சீட்டு. எல்லாரும் ஒரே சீட்டைப் பயன்படுத்தினால் போதும். கறுப்பாயி என்று பெயருள்ள சிவந்த பெண்ணைப் பெயர் மாற்றிக்கொள்ளச் சொல்வதில்லை அல்லவா?

அப்படியானால் பிழை எங்கே இருக்கிறது? ஒற்றை மாதிரியிலிருந்து ஓர் இனம் முழுவதற்கும் பண்பு சொல்லியதில் இருக்கிறது. இங்கேதான் இயற்பியலுக்கும் விலங்கியலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும். ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்துவிட்டால் எல்லா எலெக்ட்ரான்களின் மின்னூட்டத்தையும் அளந்ததாகும். அவற்றுக்குள் வேறுபாடே இல்லை. விலங்குகள் அப்படிப்பட்டவை அல்ல. ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளே ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று வாலை இழந்திருக்கலாம்; ஒன்று நோயுற்றிருக்கலாம்; ஒன்று ஆண், மற்றது பெண்ணாக இருக்கலாம். மூலமாதிரி என்பது பெயர் யாருக்கு உரியது என்று காட்டும் சான்று மட்டுமே. அது அவ்வினத்தின் முழு உருவம் ஆகாது.

2019ஆம் ஆண்டின் திருத்தம்

மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கென்னி டிராவூயோனும் அவருடைய கூட்டாளிகளும் 2019இல் 'ஜூடாக்சா' என்ற ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இக்கதையின் அடுத்த பகுதி. அவர்கள் புதிதாக எங்கும் வேட்டைக்குப் போகவில்லை. போனாலும் பயனில்லை; விலங்கு அழிந்துவிட்டது. அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளைத் திறந்தார்கள். மூலமாதிரிகளைத் தவிர உலகம் முழுவதிலும் இருப்பவை 30க்கும் குறைவான மாதிரிகளே. அவற்றின் எலும்பையும் பல்லையும் அளந்தார்கள். குகைகளிலும் மண்ணிலும் கிடைத்த பழைய எலும்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மரபுப்பொருள் ஆய்வையும் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

முடிவு இதுதான். ஒரே சிற்றினம் என்று 100 ஆண்டுகளுக்கு மேல் எண்ணப்பட்டது இரண்டு சிற்றினங்களாகும். தெற்குப் பகுதியில் வாழ்ந்தது பழைய எக்காடேட்டஸ். அதற்குள் இரண்டு துணைச் சிற்றினங்கள். நடு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வாழ்ந்தது வேறொன்று. அதற்குக் 'கீரோப்பஸ் யிர்ராட்ஜி' என்று பெயர் தந்தார்கள். யிர்ராட்ஜி என்பது பாலைநிலப் பழங்குடி மக்கள் அவ்விலங்கை அழைத்த பெயர்களுள் ஒன்று.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தவை இரண்டு. முதலாவது, ஒரே வகைச் சான்றை மட்டும் அவர்கள் நம்பவில்லை. எலும்பு, பல், பழைய எச்சம், மரபுப்பொருள் என்று தனித்தனி வழிகளில் சென்று பார்த்தார்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை ஊசலால் ஒரு முறையும், விழும் குண்டால் ஒரு முறையும் கண்டு ஒப்பிடச் சொல்கிறோமே, அதைப் போன்றது இது. இரண்டாவது, பெயர் வைத்த முறை. வாலையோ காதையோ வர்ணிக்கப் புகாமல், விலங்கை நேரில் அறிந்தவர்களின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அச்சொல் நாளை பொய்யாகிப் போகும் அபாயம் இல்லை.

ஐயம் ஒன்றும் உண்டு. 30க்கும் குறைவான மாதிரிகளை வைத்து இரண்டு சிற்றினம் என்று பிரித்ததைப் பல சான்றுகள் தாங்குகின்றன. அவற்றுள் ஒன்றை மேலும் இரண்டு துணைச் சிற்றினங்களாகப் பிரிப்பதை நான் சற்றுக் கவனத்தோடுதான் ஏற்பேன். இரு கூட்டங்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இயல்பாக உள்ள வேறுபாட்டைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று அளவீடுகளிலிருந்து 'இயல்பான வேறுபாடு' எவ்வளவு என்று எப்படி அறிவது? இதற்கு ஆய்வாளர்கள் பொறுப்பல்லர். மாதிரிகள் குறைவாக இருப்பதை அவர்களே கட்டுரையின் தொடக்கத்தில் கூறிவிடுகிறார்கள். ஆனால் அம்முடிவைப் பாடப்புத்தகத்தில் எழுதுபவர்கள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்து எழுத வேண்டும்.

பழைய நூல்களில் நேர்ந்த இன்னொரு குழப்பத்தையும் இந்த ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. கிரெஃப்ட் கவனித்த விலங்குகள், நொண்டிக் குதிரை பின்கால்களை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் போல நகர்ந்தன. அவை தெற்கே வாழ்ந்தவை. ஆண்ட்ரூ பர்பிட்ஜும் கூட்டாளிகளும் அருங்காட்சியகத் தோல்களை எடுத்துச் சென்று பாலைநில முதியோரிடம் காட்டி, அவர்கள் சொன்னவற்றை 1988இல் வெளியிட்டார்கள். அந்த முதியோர் நினைவில் இவ்விலங்கு, நெருங்கினால் முழு வேகத்தில் பாய்ந்தோடிவிடும். நூல்கள் இரண்டு செய்திகளையும் ஒரே விலங்கின் தலையில் கட்டின. இருவேறு இனங்களின் செய்திகளாக அவை இருந்திருக்கக் கூடும் என்று இப்போது தோன்றுகிறது. அல்லது சிறைப்பட்ட விலங்குக்கும் காட்டில் திரிந்ததற்கும் உள்ள வேறுபாடாகவும் இருக்கலாம். எப்படியாயினும், இருவேறு பொருள்களின் அளவீடுகளைக் கலந்து சராசரி கண்டால் கிடைக்கும் எண் இரண்டில் எதற்கும் பொருந்தாது.

எண்ணிக்கை ஏன் முக்கியம்?

ஒன்றோ இரண்டோ, அழிந்தது அழிந்ததுதானே. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. ஐரோப்பியர் குடியேறிய பிறகு ஆஸ்திரேலியா 30க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை இழந்திருக்கிறது. குடியேறியவர்கள் கொண்டுவந்த பூனையும் நரியும் அவற்றை வேட்டையாடின. ஆடு, மாடு, முயல் ஆகியவை புல்லைத் தின்று தீர்த்தன. பழங்குடி மக்கள் பாலைநிலத்தைச் சிறு சிறு பகுதிகளாக எரித்துப் பேணிவந்த முறையும் நின்றுபோயிற்று. பன்றிக்கால் பாண்டிகூட்டின் கடைசி மாதிரி 1901இல் கிடைத்தது. பாலைநில மக்களின் நினைவு 1950களை எட்டுகிறது. 2019 வரை இக்கணக்கில் ஒன்று என்று எழுதப்பட்ட இடத்தில் இரண்டு என்று இருந்திருக்க வேண்டும். அவ்விரண்டில் ஒன்று, அறிவியல் அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே மறைந்துவிட்டது.

உயிரோடு இருக்கும் விலங்குகளிடம் இத்தவறு இன்னும் கடுமையான விளைவைத் தரும். பட்டைப் பாண்டிகூட் என்ற இன்னொரு வகையைப் பாருங்கள். முன்பு பெருநிலத்தின் தென்பகுதியில் பரவலாக வாழ்ந்ததாகவும், இப்போது மேற்கே ஷார்க் வளைகுடாவில் உள்ள பெர்னியர், டோர் தீவுகளில் மட்டும் எஞ்சியிருப்பதாகவும் கருதினார்கள். எனவே தீவிலிருந்து சிலவற்றைக் கொண்டுபோய்த் தெற்கு ஆஸ்திரேலியாவில் வேலியிட்ட காப்பிடம் ஒன்றில் 2001இல் விட்டார்கள். பழைய குடிகள் வீடு திரும்பியதாகவே நினைத்தார்கள். 2018இல் டிராவூயோனும் மேத்யூ ஃபிலிப்ஸும் வெளியிட்ட ஆய்வு, அது ஒரே சிற்றினம் அன்று, ஐந்து என்று கூறியது. ஐந்தில் எஞ்சியது தீவில் உள்ள ஒன்றே. அந்த ஆய்வின்படி, கொண்டுபோய் விடப்பட்டது திரும்பிய குடியன்று, அதன் உறவினன். காப்பிடத்தால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. எஞ்சிய ஓர் இனத்துக்குப் புதிய பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் 'இது எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது, கவலை இல்லை' என்ற நினைப்பில் நான்கு இனங்களின் மறைவு ஒரு பெயரின் நிழலில் நடந்து முடிந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே என் முடிவு இதுவே. வாலற்றது என்ற பெயர் தவறாக இருந்ததால் பெரிய கேடு ஒன்றும் விளையவில்லை. கிரெஃப்டுக்குச் சில நாள் வீணாயின. சில அப்பாவிப் பாண்டிகூட்டுகள் வாலை இழந்தன. பெயர் வைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று இழுப்பறையை மூடியதுதான் கேடு. அந்த இழுப்பறைக்குள் இரண்டாவது இனம் 100 ஆண்டுகளுக்கு மேல் வேறொருவர் பெயரில் படுத்திருந்தது. யாரும் எடுத்து அளக்கவில்லை.

மாணவர்களே, உங்கள் கல்லூரி விலங்கியல் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் மஞ்சளடைந்த சீட்டு ஒட்டியிருக்கும். அடுத்த முறை அங்கே போகும்போது சீட்டை மட்டும் படித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். குடுவைக்குள் இருப்பதையும் பாருங்கள். விரல்களை எண்ணுங்கள். முடிந்தால் அளந்து பாருங்கள். சீட்டில் உள்ளதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். கேள்வி தவறாக இருந்தால் ஐந்து நிமிடம் போகும். கேள்வி சரியாக இருந்துவிட்டால், அந்த விலங்கு எங்காவது உயிரோடு இருக்கும்போதே விடை தெரிந்துவிடும்.